வீழ்படிவு வருமா, வராதா: விதி, அட்டவணை, கணக்கு, சோதனைக் குழாய் – எதை எங்கே நம்புவது?

சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருவரின் செய்முறைப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். லெட் நைட்ரேட் கரைசலுடன் சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு தோன்றியது என்று அதில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்த இரண்டு கரைசல்களையும் தயாரித்துப் புட்டிகளில் நிரப்பியவன் நான்தான். உப்பின் இருப்பு குறைவாக இருந்ததால், வழக்கமான 0.1 மோலாருக்கு (லிட்டருக்கு 0.1 மோல்) பதிலாக இரண்டையும் 0.02 மோலார் செறிவில் கரைத்திருந்தேன். அந்தச் செறிவில் சம கனஅளவில் கலந்தால் வீழ்படிவு வராது. மாணவியை அழைத்துக் கேட்டபோது, குழாய் தெளிவாகத்தான் இருந்தது என்றும், லெட் குளோரைடு கரையாது என்று விதி சொல்வதால் தம் கையில்தான் ஏதோ பிழை என்று எண்ணி அப்படி எழுதியதாகவும் சொன்னார். தம் கண்ணைவிட விதியை அவர் நம்பியதற்கு, நான் விதியைக் கற்பித்த முறையே காரணம் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது திண்மம் படியுமா என்று முன்கூட்டியே சொல்ல நம்மிடம் நான்கு வழிகள் உள்ளன. கரைதிறன் விதிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்; அச்சிட்ட கரைதிறன் அட்டவணையைப் பார்க்கலாம்; அயனிப் பெருக்கத்தைக் கணக்கிட்டுக் கரைதிறன் பெருக்கத்துடன் ஒப்பிடலாம்; அல்லது ஒரு சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு விட்டு நேரடியாகப் பார்த்துவிடலாம். பாடநூல்கள் இவற்றை வெவ்வேறு அலகுகளில் வெவ்வேறு வகுப்புகளில் வைப்பதால், இவை ஒரே கேள்விக்கான மாற்று விடைகள் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது. நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எதை எந்த இடத்தில் நம்பலாம் என்று முடிவு செய்ய முடியும். தேர்வுக்குப் படிக்கும் மாணவரையும் வகுப்பெடுக்கும் ஆசிரியரையும் மனத்தில் வைத்து அந்த ஒப்பீட்டை இங்கே செய்கிறேன்.

விதிகள் எங்கே வலுவானவை

கரைதிறன் விதிகளை ஒரு பட்டியலாக அல்லாமல் ஒரு வரிசையாகக் கற்க வேண்டும். மேலே உள்ள விதி கீழே உள்ளதை வெல்லும் என்பதுதான் அவற்றின் உயிர். முதலில், சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் உப்புகள் வகுப்பறையில் நாம் சந்திக்கும் அளவில் எல்லாமே கரையும். அடுத்து, நைட்ரேட்டுகளும் அசெட்டேட்டுகளும் கரையும். பிறகு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவை சில்வர், லெட், மெர்குரஸ் அயனிகளுடன் சேரும்போது தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் கரையும். சல்பேட்டுகள் பேரியம், ஸ்ட்ரான்சியம், லெட் தவிர மற்றவற்றுடன் கரையும். கால்சியம் நடுவில் நிற்கும். கடைசியாக, கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு, சல்பைடு ஆகியவை முதல் விதியில் அடங்கும் உப்புகளையும் பேரியம் ஹைட்ராக்சைடு போன்ற சிலவற்றையும் தவிர்த்துப் பொதுவாகக் கரையாதவை. இவ்வளவுதான். சோடியம் கார்பனேட் கரையுமா என்று கேட்டால், கார்பனேட் கரையாது என்ற கடைசி விதியைப் பிடித்துக்கொள்ளும் மாணவர் தவறுவார். முதல் விதியிலிருந்து தொடங்குபவர் தவறமாட்டார்.

இந்த வரிசையின் ஆற்றலைக் காட்டுவதற்கு உப்புப் பகுப்பாய்வில் நாம் தயாரிக்கும் சோடியம் கார்பனேட் சாற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கொடுக்கப்பட்ட உப்பை சோடியம் கார்பனேட்டுடன் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டும்போது, உப்பிலுள்ள கன உலோக அயனி கார்பனேட்டாகவோ ஹைட்ராக்சைடாகவோ வடிதாளில் தங்கிவிடுகிறது. எதிர்மின் அயனி சோடியம் உப்பாக மாறி வடிநீரில் இறங்கிவிடுகிறது. உலோக அயனியின் தொந்தரவு இல்லாமல் குளோரைடையும் சல்பேட்டையும் சோதிக்க இது வழி திறக்கிறது. முதல் விதியும் கடைசி விதியும் சேர்ந்து வேலை செய்யும் இந்த இடத்தில் எந்தக் கணக்கும் தேவையில்லை. ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் இந்தச் சாற்றைத் தயாரித்தும், ஏன் தயாரிக்கிறோம் என்று சொல்லத் தெரியாமல் வெளியேறுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

விதிகளுக்குள் ஓர் ஒழுங்கும் ஒளிந்திருக்கிறது. காரமண் உலோகங்களில் மக்னீசியத்திலிருந்து பேரியத்தை நோக்கி இறங்கும்போது சல்பேட்டுகளின் கரைதிறன் குறைந்துகொண்டே போகிறது. ஹைட்ராக்சைடுகளின் கரைதிறனோ கூடிக்கொண்டே போகிறது. சல்பேட் அயனி உருவில் பெரியது என்பதால், உலோக அயனி சற்றுப் பெருத்தாலும், அயனிகளைப் படிகத்தில் பிணைத்து வைக்கும் படிகக்கூடு ஆற்றல் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் பெருத்த அயனியை நீர் மூலக்கூறுகள் பிடித்திழுக்கும் ஆற்றல் குறைந்துவிடுவதால் கரைதல் கடினமாகிறது. ஹைட்ராக்சைடு அயனி சிறியது. அங்கே உலோக அயனி பெருக்கும்போது படிகக்கூடு ஆற்றல் விரைவாகத் தளர்ந்து விடுவதால் கரைதல் எளிதாகிறது. இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டவர், மக்னீசியம் சல்பேட் கரைவதையும் பேரியம் சல்பேட் கரையாததையும், மக்னீசியம் ஹைட்ராக்சைடு கரையாததையும் பேரியம் ஹைட்ராக்சைடு கரைவதையும் நான்கு தனிச் செய்திகளாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் விதிகளின் அடிப்படையிலேயே ஒரு குறை இருக்கிறது. கரையும், கரையாது என்ற இரண்டே சொற்களால் அவை பேசுகின்றன. நீரோ அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 100 மில்லிலிட்டர் நீரில் அறை வெப்பநிலையில் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 36 கிராம் கரைகிறது. லெட் குளோரைடு ஏறத்தாழ 1 கிராம். சில்வர் சல்பேட் 0.8 கிராம், ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் 0.2 கிராமுக்குச் சற்று மேல். கால்சியம் ஹைட்ராக்சைடு 0.17 கிராம். பேரியம் சல்பேட்டுக்கு வந்தால் ஒரு லிட்டருக்கே 2.4 மில்லிகிராம்தான், சில்வர் குளோரைடும் அதே அளவை ஒட்டியது. இந்தப் படிக்கட்டில் எங்கே கோடு கிழிப்பது? 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம் என்று ஒரு நூல் கிழிக்கும், லிட்டருக்கு 0.01 மோல் என்று இன்னொரு நூல் கிழிக்கும். கால்சியம் சல்பேட்டை ஒரு நூல் கரையாத பக்கத்திலும் மற்றொன்று சிறிதளவு கரையும் பக்கத்திலும் வைப்பதற்கு இதுவே காரணம். இரண்டில் எது சரி என்று மாணவர் கேட்டால், கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்வதே நேர்மையான விடை.

என் மாணவியின் குழாய் தெளிவாக இருந்ததும் இதனால்தான். லெட் குளோரைடு கரையாதவை என்ற கூட்டத்தில் வாசற்படியில் நிற்கும் உப்பு. சில்வர் குளோரைடு அதே கூட்டத்தின் கடைசி அறையில் இருப்பது. விதி இருவருக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறது.

அட்டவணையும் செயலியும்

நேர்மின் அயனிகளை ஒரு பக்கமும் எதிர்மின் அயனிகளை மறுபக்கமும் எழுதி, கட்டங்களில் கரையும், சிறிதளவு கரையும், கரையாது, நீரால் சிதையும் என்று குறித்த அட்டவணை, மனப்பாடத்தின் சுமையைக் குறைக்கிறது. சிறிதளவு கரையும் என்ற மூன்றாவது நிலைக்கு இடம் தருவதால் விதிகளைவிட ஒரு படி நேர்மையானதும்கூட. ஆய்வகச் சுவரில் ஒன்று தொங்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கைபேசிச் செயலிகளும் பெரும்பாலும் இதே அட்டவணையைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு விடை சொல்கின்றன. ஆகவே செறிவைக் கேட்காத செயலி எதுவாயினும் அதன் விடைக்கு விதியின் விடைக்கு உள்ள மதிப்பே உண்டு. தேர்வு அறையில் இரண்டுமே கிடைக்காது என்பதைத் தவிர இங்கே நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை.

கணக்கு எதைச் சேர்க்கிறது

வால்டர் நெர்ன்ஸ்ட் 1889-இல் முன்வைத்த கரைதிறன் பெருக்கக் கோட்பாடு, வகுப்பறையில் கே.எஸ்.பி. என்ற பெயரில் சுருங்கி, சூத்திரமாகவே நினைவில் நிற்கிறது. அதன் கருத்து எளியது. ஒரு தெவிட்டிய கரைசலில் திண்மத்துடன் சமநிலையில் இருக்கும் அயனிகளின் செறிவுகளை, அவற்றின் எண்ணிக்கைக்கேற்ற அடுக்குகளுடன் பெருக்கினால், குறிப்பிட்ட வெப்பநிலையில் அது ஒரு மாறிலி. கலந்த கணத்தில் உள்ள செறிவுகளைப் பெருக்கிக் கிடைக்கும் அயனிப் பெருக்கம் அந்த மாறிலியை மிஞ்சினால் வீழ்படிவு உருவாக வேண்டும். மிஞ்சாவிட்டால் கரைசல் தெளிவாகவே இருக்கும்.

மாணவியின் குழாயைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 0.02 மோலார் கரைசல்கள் இரண்டைச் சம கனஅளவில் கலந்தால் ஒவ்வொன்றின் செறிவும் பாதியாகி 0.01 மோலார் ஆகிவிடும். இந்தப் பாதியாக்கலை மறப்பதுதான் தேர்வுத்தாள்களில் நான் அதிகம் காணும் பிழை. லெட் அயனியின் 0.01-ஐக் குளோரைடு அயனியின் 0.01-இன் இருமடியால் பெருக்கினால் 1×10⁻⁶ கிடைக்கும். லெட் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.7×10⁻⁵. அயனிப் பெருக்கம் அதைவிடச் சிறியது. எனவே வீழ்படிவு இல்லை. கரைசல்களை நான் வழக்கம்போல் 0.1 மோலாராகத் தயாரித்திருந்தால், கலந்தபின் 0.05 மோலார், பெருக்கம் 1.25×10⁻⁴, வீழ்படிவு உண்டு. அதே 0.01 மோலாரில் லெட்டுக்குப் பதிலாகச் சில்வர் இருந்திருந்தால் பெருக்கம் 1×10⁻⁴. சில்வர் குளோரைடின் மாறிலி 1.8×10⁻¹⁰ என்பதால், தேவையானதைப்போல் ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு ஐயத்திற்கு இடமின்றி வந்திருக்கும். விதியின்படி ஒன்றுபோல் தோன்றிய மூன்று குழாய்களைக் கணக்கு மூன்றாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

உலோக அயனிகளைப் படிப்படியாக வெவ்வேறு கரைசல்களால் படியவைத்துத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும் உப்புப் பகுப்பாய்வில் லெட் அயனி முதல் தொகுதியிலும் இரண்டாம் தொகுதியிலும் இடம்பெறுவது ஏன் என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் விடை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் லெட் குளோரைடாக ஒரு பகுதி படிகிறது. மீதி கரைசலில் தங்கி, அடுத்த தொகுதியில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தும்போது கறுப்பு நிற லெட் சல்பைடாக வெளிப்படுகிறது. நீர்த்த கரைசலானால் முதல் தொகுதியில் எதுவுமே தென்படாமல் போகலாம்.

கணக்கின் முழு வலிமை மூன்றாம் தொகுதியில் தெரியும். ஃபெரிக் (இரும்பு) ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் ஹைட்ராக்சைடு மூன்றையும் விதி கரையாதவை என்றே சொல்கிறது. அப்படியானால் அம்மோனியம் ஹைட்ராக்சைடை, அதாவது அம்மோனியாக் கரைசலை, சேர்த்ததும் மக்னீசியமும் சேர்ந்தே படிந்து, தொகுதிகளாகப் பிரிக்கும் திட்டமே குலைந்துபோக வேண்டும். குலையாமல் காப்பது, அதற்கு முன் நாம் சேர்க்கும் அம்மோனியம் குளோரைடு. 0.1 மோலார் அம்மோனியாக் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனியின் செறிவு ஏறத்தாழ 1.3×10⁻³ மோலார். அதில் 0.01 மோலார் மக்னீசியம் இருந்தால் அயனிப் பெருக்கம் 1.8×10⁻⁸; மக்னீசியம் ஹைட்ராக்சைடின் மாறிலி 10⁻¹¹ அளவில் இருப்பதால் வீழ்படிவு வந்தே தீரும். அதே கரைசலில் அம்மோனியம் குளோரைடு 1 மோலார் செறிவில் இருக்குமானால், கூடுதலாக வந்த அம்மோனியம் அயனி அம்மோனியா அயனியாவதை அடக்கும் பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடின் செறிவு 1.8×10⁻⁶ மோலாராகச் சரிந்து, மக்னீசியத்துக்கான பெருக்கம் 3.2×10⁻¹⁴ ஆகிவிடும். மாறிலியைவிடச் சிறியது, மக்னீசியம் கரைசலிலேயே தங்கும். ஃபெரிக் ஹைட்ராக்சைடின் மாறிலியோ 10⁻³⁸ போன்ற மிகச் சிறிய எண் என்பதால், இவ்வளவு அடக்கப்பட்ட ஹைட்ராக்சைடும் அதற்குப் போதும். செம்பழுப்பு வீழ்படிவு தடையின்றி வரும். மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடை மறந்துவிட்டு, இல்லாத அலுமினியத்தைக் கண்டுபிடித்து எழுதும் மாணவருக்கு விதி எந்த உதவியும் செய்யாது. இந்த இரண்டு வரிக் கணக்கு செய்யும்.

இருந்தாலும் கணக்கை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. முதல் எச்சரிக்கை, மாறிலிகளை மட்டும் ஒப்பிட்டு எது குறைவாகக் கரையும் என்று முடிவு கட்டுவது பற்றியது. சில்வர் குரோமேட்டின் மாறிலி 1.1×10⁻¹², சில்வர் குளோரைடினதைவிடச் சிறியது. ஆனால் கரைதிறனைக் கணக்கிட்டால் சில்வர் குரோமேட் லிட்டருக்கு 6.5×10⁻⁵ மோலும் சில்வர் குளோரைடு 1.3×10⁻⁵ மோலும் வருகின்றன. சிறிய மாறிலி உடையதுதான் ஐந்து மடங்கு அதிகமாகக் கரைகிறது. ஒன்றில் இரண்டு அயனிகளும் மற்றதில் மூன்று அயனிகளும் இருப்பதால் அடுக்குகள் வேறுபடுகின்றன. குரோமேட்டை நிறங்காட்டியாக வைத்துக் குளோரைடைத் தரம்பார்க்கும் மோர் (Mohr) முறையில், குளோரைடு ஏறத்தாழ முழுவதும் படிந்து முடிந்த பிறகே செங்கல் நிறம் எட்டிப்பார்ப்பது இதன் விளைவுதான்.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட ஆழமானது. அதைப் புரியவைக்க தூத்துக்குடி உப்பளத்தைவிட நல்ல ஆய்வகம் நமக்குக் கிடையாது. கடல்நீரில் கால்சியம் அயனி ஏறத்தாழ 0.01 மோலார், சல்பேட் அயனி ஏறத்தாழ 0.028 மோலார் இருக்கின்றன. பெருக்கினால் 2.8×10⁻⁴. கால்சியம் சல்பேட்டின் மாறிலியாக நூல்கள் தரும் மதிப்புகள் சற்று வேறுபட்டாலும் எல்லாம் 10⁻⁵ என்ற படியிலேயே இருக்கின்றன. அப்படியானால் வங்கக் கடலின் நீர் இப்போதே ஜிப்சமாகப் படிந்துகொண்டிருக்க வேண்டும். படியவில்லை. பாத்திகளில் வெயிலில் காய்ந்து, முதலில் இருந்த கனஅளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே ஜிப்சம் படியத் தொடங்குகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நெருங்கும்போது சோடியம் குளோரைடு படிகமாகிறது. நாம் செய்த கணக்கு தவறியதற்குக் காரணம், தூய நீரில் அளந்த மாறிலியுடன் உப்பு நிறைந்த நீரின் செறிவுகளை நேரடியாக ஒப்பிட்டதுதான். சூழ்ந்திருக்கும் சோடியம், குளோரைடு, மக்னீசியம் அயனிகளின் மின்புலத்தில் கால்சியமும் சல்பேட்டும் தம் முழு வீச்சில் செயல்பட முடிவதில்லை. சல்பேட்டில் ஒரு பகுதி மக்னீசியத்துடனும் சோடியத்துடனும் இணைசேர்ந்து ஒதுங்கியும் விடுகிறது. செறிவுக்குப் பதில் செயல்திறன் செறிவை எடுத்துக் கணக்கிட்டால்தான் விடை பொருந்தும். நீர்த்த கரைசல்களுக்கு மேல்நிலை வகுப்புக் கணக்கு போதும். உப்பு செறிந்த நீருக்குப் போதாது என்ற எல்லையை ஆசிரியர் சொல்லிவிட வேண்டும்.

குழாய் மட்டுமே அறிந்தவை

உப்புகளைத் தொகுதிகளாகப் பிரித்தறியும் ஒழுங்கான திட்டத்தை ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெசெனியஸ் 1841-இல் வெளியிட்டார். கரைதிறன் பெருக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன். அதாவது, எந்த அயனி எதனுடன் படியும் என்பதைக் கையும் குழாயும் முதலில் கண்டறிந்தன. காரணம் பின்னால் வந்தது. இன்றும் சில இடங்களில் குழாய்தான் முன்னே நிற்கிறது.

அலுமினியம் சல்பேட் கரைசலுடன் சோடியம் கார்பனேட் கரைசலைக் கலந்தால் என்ன படியும் என்று கேட்டுப்பாருங்கள். விதியைக் கற்ற மாணவர் அலுமினியம் கார்பனேட் என்பார். குழாயில் வெண்ணிற வீழ்படிவு வருவது உண்மை. கூடவே நுரையும் பொங்கும். வெளியேறுவது கார்பன் டைஆக்சைடு. படிந்தது அலுமினியம் ஹைட்ராக்சைடு. அடுத்து, காப்பர் சல்பேட்டுடன் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால், அயோடைடு விதிப்படி எதுவும் படியக்கூடாது. நடப்பது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை: அயோடின் வெளிப்பட்டுக் கரைசல் பழுப்பாகிறது, அடியில் குப்ரஸ் அயோடைடு வெள்ளையாகப் படிகிறது. இரண்டு அயனிகள் துணை மாற்றிக்கொள்வதை மட்டுமே விதியும் அட்டவணையும் அறியும். அயனியே உருமாறும் வினை அவற்றின் பார்வைக்கு அப்பாற்பட்டது.

எவ்வளவு சேர்க்கிறோம் என்பதும் அவ்வாறே. காப்பர் சல்பேட்டில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு. மேலும் சேர்த்தால் அது மறைந்து அடர்நீலக் கரைசல். சோடியம் ஹைட்ராக்சைடை மிகையாகச் சேர்த்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடும் சிங்க் ஹைட்ராக்சைடும் மீண்டும் கரைந்துவிடும். சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைவதை வைத்தே நாம் குளோரைடை உறுதிசெய்கிறோம். உலோக அயனியைப் பிற மூலக்கூறுகளோ அயனிகளோ சூழ்ந்து பிணைந்த அணைவு அயனிகள் உருவாகும் இந்த இடங்களில், சேர்க்கும் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றும் மாணவர் வீழ்படிவைப் பார்க்காமலே போகலாம். மறுபுறம், மக்னீசியத்தை மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டாக உறுதிசெய்யும்போது, கணக்குப்படி படிய வேண்டிய திண்மம் படியாமல், தெவிட்டும் அளவுக்கு மேலும் கரைந்தே இருக்கும் மிகைதெவிட்டிய நிலையில் நின்றுவிடுவதுண்டு. கண்ணாடிக் கோலால் குழாயின் உட்சுவரைத் தேய்த்தால்தான் படிகம் தோன்றும். வீழ்படிவு வர வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும். எப்போது வரும் என்பதை அது சொல்வதில்லை.

ஓர் உப்பு எந்த நீர்மத்தில் வைக்கப்படுகிறது என்ற கேள்விக்கு உயிரைக் காக்கும் மதிப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதையை ஊடுகதிர்ப் படத்தில் காண்பதற்காக நோயாளிக்கு பேரியம் சல்பேட் கூழைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கரையும் பேரியம் அயனி நஞ்சு. ஆனால் சல்பேட் நீரிலும் வயிற்று அமிலத்திலும் கரையாததால் உடலில் ஏறாமல் வெளியேறிவிடுகிறது. பேரியம் கார்பனேட்டும் நீரில் கரையாதது என்றே விதி சொல்கிறது. ஆனால் வயிற்றிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் கார்பனேட்டைச் சிதைத்து பேரியத்தை விடுவித்துவிடும். அந்தப் பொருள் எலி மருந்தாகப் பயன்பட்டது இதனால்தான். கரையாது என்ற சொல்லுக்குப் பின்னால் நீரில் என்ற சொல் எப்போதும் மறைந்து நிற்கிறது.

குழாயின் குறைகளும் சிறியவை அல்ல. லெட், மெர்குரி, பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. நாற்பது மாணவர்கள் நாற்பது குழாய்களில் கலந்து கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுவதை எந்த ஆசிரியரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும், குழாய் ஒரு செறிவுக்கு ஒரு விடையைத்தான் தரும். அடுத்த செறிவுக்கு மறுபடியும் செய்துதான் பார்க்க வேண்டும். கணக்கறிவு இல்லாமல் குழாயை மட்டும் பார்ப்பவர், என் 0.02 மோலார் புட்டிகளைக் கொண்டு லெட் குளோரைடு நன்றாகக் கரையும் உப்பு என்ற தவறான முடிவுக்கும் வந்திருக்கலாம்.

எந்தக் கேள்விக்கு எந்த வழி

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு என் பரிந்துரை தெளிவானது. கேள்வியில் செறிவு தரப்படவில்லை என்றால் விதி வரிசையைப் பயன்படுத்துங்கள்; அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது, கேள்வி எதிர்பார்ப்பதும் அதைத்தான். செறிவோ கரைதிறன் பெருக்கமோ தரப்பட்டிருந்தால் விதியை ஒதுக்கிவிட்டுக் கணக்கில் இறங்குங்கள். நீட் தேர்வில் கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால், எண்களைப் பத்தின் அடுக்குகளாக மட்டும் வைத்து ஒப்பிடப் பழகினால் பெரும்பாலான கணக்குகள் மனக்கணக்காகவே முடிந்துவிடும். 10⁻⁶-க்கும் 10⁻⁵-க்கும் இடையில் எது சிறியது என்று அறிவதற்குக் கணிப்பான் எதற்கு? மிகையளவு என்ற சொல் கேள்வியில் வந்தால் மட்டும் நின்று, அணைவு உருவாகுமா என்று யோசியுங்கள்.

ஆசிரியருக்கு, எதை முதலில் கற்பிப்பது என்பதே சிக்கல். கணக்கிலிருந்து தொடங்கினால் விதி தேவையே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. எல்லா மாறிலிகளும் கையில் இருந்தால் அது தர்க்கப்படி சரி. ஆனால் எந்த இணையைக் கணக்கிட வேண்டும் என்று கண்டுபிடிக்கவே விதி வேண்டும். நான்கு அயனிகள் இருக்கும் ஒரு கலவையில் சோடியம் நைட்ரேட்டின் கரைதிறன் பெருக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் விதியையே வைக்கிறேன். ஆனால் விதியைக் கற்பிக்கும் அதே வாரத்தில், வாசற்படியில் நிற்கும் உப்புகளான லெட் குளோரைடு, கால்சியம் சல்பேட், சில்வர் சல்பேட், கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிய நான்கையும் பெயர் சொல்லித் தனியே எழுதவைக்கிறேன். இந்த நான்கில் ஒன்று வந்தால், செறிவைக் கேட்காமல் விடை சொல்லக்கூடாது என்பது எங்கள் வகுப்பின் ஒப்பந்தம். கரைதிறன் பெருக்கம் பாடத்தில் வரும்போது மாணவர்கள் இந்த நான்கைத்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். அப்போது விதியும் கணக்கும் இரண்டு தனிப் பாடங்களாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

செய்முறை வகுப்புக்கு இப்போது நான் ஒரே உப்பில் இரண்டு புட்டிகள் வைக்கிறேன்: லெட் நைட்ரேட் 0.1 மோலாரில் ஒன்று, 0.02 மோலாரில் ஒன்று. அதேபோல் சோடியம் குளோரைடிலும். நச்சுக் கழிவைக் குறைப்பதற்காக வகுப்புக்கு ஒரு குழு மட்டுமே அதைச் செய்கிறது, பத்துச் சொட்டுகளுக்கு மேல் எடுப்பதில்லை, கழிவு தனிக் குடுவையில் சேர்கிறது. மற்றவர்கள் சூழ்ந்து நின்று பார்க்கிறார்கள். பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: விதி என்ன சொல்கிறது, கணக்கு என்ன சொல்கிறது, குழாயில் என்ன தெரிந்தது. மூன்றாவது கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மற்ற இரண்டையும் எழுத வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாத வரிகளுக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. அந்த வரிகளின் கீழ் காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.